'துணை நடிகர்' யார்? வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்,

திரைப்பட வரலாற்று வகுப்புக்கு வால்டர் பிரென்னன் பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். 1920களில் ஹாலிவுட்டில் எக்ஸ்ட்ராவாக, அதாவது கூட்டத்தில் ஒருவராக, நின்றவர், ஸ்டன்ட் செய்தவர். பிறகு 1936, 1938, 1940 படங்களுக்காக மூன்று ஆஸ்கர் வாங்கினார், மூன்றும் 'சிறந்த துணை நடிகர்' விருது. எக்ஸ்ட்ராவையும் துணை நடிகர் என்றுதானே சொல்கிறோம்! "துணை நடிகர், துணை நடிகர் விருது பெற்றார்" என்றால் மாணவர்களுக்கு என்ன புரியும்?

*

விருதுக்குக் 'குணச்சித்திர நடிகர்' என்று போடலாம். ஆனால் குணம், சித்திரம் இரண்டுமே வடசொல். சங்க இலக்கியத்தில் வரும் 'பொருநர்' நம்மிடம் இருக்கிறதே! பொருவுதல் என்றால் ஒத்திருத்தல். இன்னொருவரைப் போல வேடம் கொள்பவர் பொருநர். ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று உரைகாரர் பொருநரை வகுத்ததையும் சேர்த்துப் பார்த்தால்...

*

ஐயா, பொருநர் என்றால் மாணவர்கள் போர்வீரன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குணச்சித்திரமோ டீக்கடை வரை போய்ச் சேர்ந்த சொல், அதைக் கைவிட மனம் வரவில்லை. ஆனால் விருதுக்கு அது பொருந்தாது. ஹாலிவுட் நடிகர் லான் சேனி 1923இல் வந்த 'தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்' படத்தில் கூனனாக நடித்தார். அது குணச்சித்திரம், ஆனால் படத்தின் முதன்மை வேடம். குணச்சித்திரம் நடிப்பின் தன்மையைச் சொல்கிறது, துணை என்பது கதையில் இருக்கும் இடத்தை. பிரென்னனுக்கு இரண்டும் பொருந்தும்: நாற்பதுகளிலேயே கிழவர் வேடம், பல் செட்டைக் கழற்றினால் இன்னொரு ஆள்.

*

சரி, விருதுக்குத் 'துணை நடிகர்' இருக்கட்டும். எக்ஸ்ட்ராவை 'உதிரி நடிகர்' ஆக்கிவிடலாமே?

*

உதிரி வேண்டவே வேண்டாம். உதிரிப்பாகம் மாதிரி மனிதர்களைச் சொல்லக் கூடாது. ஒரு காலத்தில் எக்ஸ்ட்ராக்களுக்கும் ஆஸ்கரில் வாக்கு இருந்தது. தங்களில் ஒருவர் என்று அவர்கள் போட்ட வாக்குதான் பிரென்னனை ஜெயிக்க வைத்தது என்பார்கள். 'கூட்ட நடிகர்' நல்ல சொல்.

*

கூட்ட நடிகருக்கு என் ஆதரவும். நேரமில்லை, முடிப்போம்.

*

அப்படியே போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

*

பொருநரை விட்டுவிடுகிறேன், 'கூட்ட நடிகர்' மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 1933இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் சைக்கிளைப் பறிகொடுக்கும் ஆள் பிரென்னன்தான், பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அங்கே கூட்டம் எது? அப்படிப்பட்டவருக்கு வேறு சொல் வேண்டும். அடுத்த வாரம் தனி இழையில் எழுதுகிறேன்.