நுரையீரலில் எலும்பு சிமெண்ட்: தமிழில் என்ன போடலாம்?

பயிற்றுநர், சென்னை:
வணக்கம். மெடிக்கல் கோடிங் (நோயாளிக் கோப்பைப் படித்து நோய்களுக்குக் குறியீடு போடும் வேலை) வகுப்புக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன், திங்கட்கிழமை பாடம். நொறுங்கிய முதுகெலும்புக்குள் ஊசிவழி செலுத்தும் சிமெண்ட் சில நேரம் சிரையில் கசிந்து நுரையீரல் தமனியில் போய் நிற்கிறது. அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 2024 அக்டோபர் 1 முதல் இதற்குத் தனிக் குறியீடு: வலது இதயம் திடீரெனத் திணறினால் ஐ26.03, இல்லாவிட்டால் ஐ26.95. பிள்ளைகளோ எம்பாலிசம் (ரத்தக்குழாயில் ஏதாவது போய் அடைத்துக்கொள்வது) என்றதும் ‘ரத்தக்கட்டி’ என்று எழுதி, ‘மற்ற நுரையீரல் எம்பாலிசம்’ என்ற பொதுக் குறியீடான ஐ26.99-க்குப் போய்விடுகிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:
பைஞ்சுதை உள்ளடைப்பு. பைஞ்சுதை இருக்க சிமெண்ட் எதற்கு?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, சுதையே வடமொழி ‘சுதா’ என்பார்களே! தூய்மைதான் வேண்டுமென்றால் ‘எலும்புக்காரை’.

தமிழாசிரியர்:
சுதை நம்முடையது. விரிவாகத் தனிமடலில். காரை என்பது செடியும்தான் அம்மா. காரைக்குடிக்குப் பெயர் தந்தது செடியா, சுண்ணாம்புக் காரையா என்று இன்றும் இழுபறி.

எலும்பு மருத்துவர்:
ஊர்ப்பெயரை விடுங்கள். இது கட்டட சிமெண்டே இல்லை, அக்ரிலிக். பொடியும் திரவமும் கலந்தால் மாவுபோல் குழைந்து, சூடேறி, சில நிமிடங்களில் இறுகிவிடும். எலும்போடு ஒட்டாது, இடுக்குகளில் புகுந்து பிடித்துக்கொள்ளும். அதனால் ‘பசை’ கூடாது. காரை பொருத்தம்தான், ஆனால் என் நோயாளியிடம் சொன்னால் வீட்டுக் கூரையா பெயர்ந்தது என்பார்!

மொழிபெயர்ப்பாளர்:
எம்பாலிசத்தின் கிரேக்க மூலத்துக்கு ஆப்பு, அடைப்பான் என்று பொருள். ‘சிமெண்ட் ஆப்பு’?

பயிற்றுநர்:
வகுப்பு சிரித்தே முடிந்துவிடும்.

எலும்பு மருத்துவர்:
‘தக்கையடைப்பு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே.

தமிழாசிரியர்:
தக்கை மிதக்கும். சிமெண்ட் மிதக்குமா?

எலும்பு மருத்துவர்:
புட்டியின் வாயை அடைப்பதும் தக்கைதானே ஐயா. இது இளகிய நிலையில் சிரைக்குள் போய் அங்கே இறுகுவது. பேரியம் கலந்திருந்தால் சிடி ஸ்கேனில் வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும். பலருக்குத் தொந்தரவே இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படும்.

பயிற்றுநர்:
அங்கேதான் சிக்கல். உள்நோயாளிக் கோப்பில், ஸ்கேன் அறிக்கையில் மட்டும் இருந்து சிகிச்சை தந்த மருத்துவர் எழுதாமல் விட்டிருந்தால், கோடர் தானாக ஐ26.95 போடக்கூடாது, அவரிடம் கேட்க வேண்டும். சரி, ‘நுரையீரல் சிமெண்ட் தக்கையடைப்பு’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
சரி. அடுத்த பதிப்பில் காரையைப் பார்ப்போம்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம், ஐ26.03-இல் அந்த வலது இதயத் திணறலைக் குறிக்க வரும் ‘கார் பல்மொனேல்’ என்பதை எப்படி எழுதப் போகிறீர்கள்?