சிங்கப்பூர் – நியூயார்க்: அம்மாவால் ஒரே மூச்சில் பறக்க முடியுமா?

ஈசூன் வாசி:
நியூயார்க்கில் இருக்கும் தங்கைக்கு ஜூனில் பிரசவம். 71 வயது அம்மா மே கடைசியில் தனியாகப் போகிறார். நான் பார்த்துவைத்த டிக்கெட்டில் நள்ளிரவு 12.10க்குப் புறப்பாடு, அதே தேதி காலை 6.40க்கு வருகை. "ஆறரை மணி நேரந்தானே, மெட்ராஸ் போவதைவிடக் கொஞ்சம் கூட" என்கிறார் அம்மா. உண்மையில் எவ்வளவு நேரம் பறக்கும்? தூரம் ஓரிடத்தில் 15,300 கி.மீ., இன்னோரிடத்தில் 16,600 என்று இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. நேராக அனுப்பலாமா, பிராங்க்பர்ட்டில் இறங்கி ஏறும் விமானமா?

நூலும் உருண்டையும்:
மே மாதத்தில் நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னால். ஆறரையோடு அதைக் கூட்டுங்கள், பதினெட்டரை. அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், பாவம்.

தூரம் இரண்டுமே சரிதான். நான் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன், வீட்டில் பழைய உலக உருண்டை இருக்கிறது. சிங்கப்பூரில் நூலை வைத்து நியூயார்க்குக்கு இழுத்துப் பிடித்தால், அது நேர் வடக்கே சீனா, சைபீரியா என்று ஏறி, உச்சியில் இருக்கும் பித்தளைத் திருகில் சிக்கிக்கொள்ளும். வட துருவம்! நாம் கிழக்கு 104 பாகை, அவர்கள் மேற்கு 74. கூட்டினால் 178. உலகத்தின் முன்பக்கமும் முதுகும் மாதிரி. அந்த நூலின் நீளம்தான் 15,300.

விமானம் பெரும்பாலும் பசிபிக்கைத் தாண்டிப் போகும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். அதன் மேல் ஏறிப் போனால் ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. கூடினாலும் நேரம் மிச்சம். அந்தச் சுற்று வழிதான் 16,600. திரும்பும்போது பல நாட்கள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரும். அப்போதும் கிழக்கு நோக்கித்தான். போய் வந்தால் அம்மா உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்பார்!

பொங்கோல் மருமகள்:
என் மாமியாரை நேர் விமானத்தில்தான் கூட்டிப்போனேன். மொத்தம் 161 இருக்கைகள், சாதாரண வகுப்பே கிடையாது, அதனால் விலை கூட. ஆனால் கால் நீட்ட இடம் இருந்தது. பிராங்க்பர்ட் வழி என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள். நடுவில் பையோடு இறங்கி, மறுபடி சோதனை முடித்து ஏற வேண்டும். தனியாகப் போகிற அம்மாவுக்கு வேண்டாம், தம்பி.

நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கழிவறை வரையாவது நடக்கச் சொல்லுங்கள், கால் வீங்காது. சர்க்கரை மாத்திரையை எந்தெந்த நேரம் போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ஈசூன் வாசி:
நன்றி ஐயா, நன்றி அக்கா. நேர் விமானமே எடுத்துவிட்டேன், நடைபாதை ஓரம். சக்கர நாற்காலியும் சொல்லியாயிற்று. மருத்துவர் சிங்கப்பூர் நேரப்படியே மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதனால் கைக்கடிகாரத்தை வழியில் மாற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால், முள் கடிகாரத்தை அங்கே போயும் மாற்ற வேண்டாம்; பகலும் இரவும்தான் இடம் மாறும்.