கேட்டி தமிழ்ச் சொந்தங்கள் (டெக்சாஸ் மாநிலத்தின் கேட்டி ஊர்த் தமிழர் குழு): எந்த பிஸ்டலை நம்பலாம்?

*செந்தில்:* எல்லோருக்கும் வணக்கம். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா. எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் கேரேஜை உடைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு பிஸ்டல் வாங்கி வைக்கலாமா என்று நானும் தீபாவும் பேசிக்கொண்டிருக்கிறோம். யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் சொந்தமாக வைத்துப் பார்த்ததில் எந்த பிராண்டை நம்பலாம், எதன் பக்கம் போகவே கூடாது?

*ராஜேஷ்:* கிளாக் 19. யோசிக்கவே வேண்டாம்.

*அருண்:* அதேதான். எங்கள் வீட்டிலும் அதுதான் இருக்கிறது.

*கார்த்திக்:* செந்தில், எச்-1பியில் இருப்பவர்கள் வாங்க முடியாதா?

*முருகேசன் அண்ணா:* கார்த்திக், இதை நன்றாகக் கேட்டுக்கொள். எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவது மட்டுமில்லை, கையில் வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி எதையும் செய்வதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடு. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று ரேஞ்சுக்குப் போய் நின்று போட்டோ போட்டால், பிறகு குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகிவிடும்.

*கார்த்திக்:* நல்லவேளை கேட்டேன். போன வாரம்தான் ஆபீஸில் கூப்பிட்டார்கள்.

*முருகேசன் அண்ணா:* கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. 21 வயது, கடையில் 4473 படிவம், பின்னணிச் சோதனை, அவ்வளவுதான். இப்போது செந்திலின் கேள்விக்கு வருகிறேன். நான் பல வருடமாக வைத்திருப்பதும் கிளாக்தான். 1982-இல் ஆஸ்திரிய ராணுவத்துக்காக வந்த வடிவமைப்பு, இன்றுவரை உள்ளே பெரிய மாற்றம் இல்லை. பாகங்கள் குறைவு, தோட்டா அடுக்குகிற மேகசின் எங்கே போனாலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பார். எஃப்பிஐ 2016-இல் திரும்ப 9 எம்எம் தோட்டாவுக்கு மாறியபோது எடுத்ததும் கிளாக்தான்.

ஆனால் கிளாக் வாங்குகிறவர்களிடம் நான் ஒன்றைக் கட்டாயம் சொல்வேன். அதைப் பிரித்துத் துடைக்க வேண்டுமென்றால் முதலில் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். அழுத்தி, மேலே நகர்கிற பாகமான ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, இரண்டு பக்கமும் இருக்கிற சின்னத் தாழ்ப்பாளைக் கீழே இறக்கினால்தான் ஸ்லைடு முன்னால் கழன்று வரும். மேகசினைக் கழற்றிவிட்டோம், காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து அழுத்துவார்கள், குழாயின் பின்முனையில் இருக்கிற சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். இங்கே நடக்கிற விபத்துகளில் இது பழைய கதை. மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழுத்துப் பூட்டு, சேம்பரைக் கண்ணால் பார், விரலை விட்டும் பார். அப்புறம்தான் ட்ரிகர்.

*ராஜேஷ்:* அண்ணா சொல்வது சரி. சிக் சாவர் கம்பெனியின் பி365-இல் இந்தத் தொல்லை இல்லை, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, பக்கத்தில் இருக்கிற லீவரைத் திருப்பினாலே போதும், ட்ரிகரைத் தொட வேண்டாம். நான் இடுப்பில் வைத்துக்கொள்வது அதுதான். அந்த அளவுக்குச் சின்ன பிஸ்டலில் 10 தோட்டா போடுகிற மேகசின் 2018-இல் அது வந்தபோது பெரிய விஷயம்.

*அருண்:* சிக் என்றாலே பயமாக இருக்கிறது. அவர்களின் இன்னொரு மாடல் பி320 தானாக வெடிக்கிறது என்கிறார்களே?

*ராஜேஷ்:* என்னிடம் பி320-உம் இருக்கிறது. எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. நல்ல ட்ரிகர், நல்ல குறி. யூடியூபில் வருகிற வீடியோவை எல்லாம் நம்பிவிட முடியாது.

*முருகேசன் அண்ணா:* ராஜேஷ், வீடியோவை விடு, பதிவில் இருப்பதைப் பார்ப்போம். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதன் ஒரு வகையை எம்17 என்று தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பொதுமக்கள் வாங்கிய பி320 கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்தது. பின்பக்கம் தரையில் மோதுகிற மாதிரி ஒரு கோணத்தில் விழுந்தால், ட்ரிகர் தன் எடையாலேயே பின்னால் நகர்ந்துவிடும். கம்பெனி எடை குறைந்த ட்ரிகரும் வேறு சில பாகங்களும் போட்டு இலவசமாக மாற்றித் தந்தது. அது முடிந்துபோன விஷயம்.

முடியாதது அடுத்தது. மாற்றிய பிறகும் ஹோல்ஸ்டர் என்கிற இடுப்பு உறையில் இருக்கும்போதே வெடித்தது என்று போலீஸ்காரர்களும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். ட்ரிகரை அழுத்தாமல் வெடிக்காது என்பதில் கம்பெனி உறுதியாக நிற்கிறது. 2024-இல் பிலடெல்பியாவில் ஒரு ஜூரி 1.1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வீட்டில் குழந்தை இருக்கிற ஒருவர் முதல் பிஸ்டல் எது என்று கேட்கும்போது, இத்தனை கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிற ஒன்றை நான் கைகாட்ட மாட்டேன்.

*ராஜேஷ்:* அதுவும் நியாயம்தான் அண்ணா. செந்திலுக்கு நானும் அதைச் சொல்லவில்லை. உன்னிடம் யாராவது பழைய பி320 விற்க வந்தால், 2017 மாற்றம் செய்ததா என்று சீரியல் நம்பரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்கு.

*செந்தில்:* சரி. விலை குறைவாக ஏதாவது? 250, 300 டாலரில் நிறைய இருக்கிறதே.

*அருண்:* நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றுதான். பெயர் இங்கே வேண்டாம், இந்தக் குழுவில் எழுதுவது எங்கெங்கோ போகிறது. ரேஞ்சில் மேகசின் கழன்று காலில் விழும், அடுத்த தோட்டா ஏறாமல் மூக்கு மேலே தூக்கி நிற்கும். திருப்பி அனுப்பினேன், வந்தது, மறுபடியும் அதே கதை. கடைசியில் கடையிலேயே கொடுத்துவிட்டு மேலே பணம் போட்டு கிளாக் எடுத்தேன்.

*முருகேசன் அண்ணா:* மலிவு எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. டாரஸ் கம்பெனியின் பழைய மாடல்கள் ஒன்பதின் மீது வழக்கு வந்து 2015-இல் சமரசம் ஆனது. இன்று அவர்களின் ஜி3சி வைத்திருக்கிறவர்களில் குறை சொல்லாதவர்கள் நிறைய பேர். பெரிய பெயரும் சறுக்கும். 200 ஆண்டு வரலாறு உள்ள ரெமிங்டன் 2014-இல் ஆர்51 என்று ஒன்றை இறக்கி, அதே ஆண்டிலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. புதிதாக வருகிற மாடலை முதல் வருடம் வாங்காமல் இருப்பது என் வழக்கம். குறை இருந்தால் அதற்குள் வெளியே வந்துவிடும்.

*கவிதா அக்கா:* இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஆண்கள் எல்லோரும் சேர்ந்து செந்திலுக்கு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் வீட்டில் இருப்பது தீபா. அவள் கையை யாராவது கேட்டீர்களா?

*தீபா:* அக்கா 🙏 ஒரு தடவை என் தோழி கிளாக்கை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். ஸ்லைடு பாதி கூட வரவில்லை.

*கவிதா அக்கா:* அதைத்தான் சொல்கிறேன். இங்கே கடைக்குப் பெண்கள் போனால் உடனே கவுண்டரில் சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து வைப்பார்கள். 5 தோட்டா, 15 அவுன்ஸ் எடை, "லேடீஸுக்கு இதுதான்" என்பார்கள். எடை இல்லாத துப்பாக்கியில், சுடும்போது பின்னால் தள்ளுகிற உதை முழுக்க உள்ளங்கைக்கே வரும். ட்ரிகரும் கனம், அழுத்தி முடிப்பதற்குள் முனை ஆடிவிடும். ரேஞ்சில் ஒரு பெட்டி தோட்டாவை முடிக்காமலே மூடி வைத்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அதைத் தொடவே மாட்டார்கள்.

எனக்குக் கட்டைவிரல் மூட்டு வலி உண்டு. நான் நம்புவது ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஇசட், 9 எம்எம். ஸ்லைடு லேசாக வரும், மேகசினில் பக்கவாட்டுக் குமிழைக் கீழே இழுத்துப் பிடித்தால் நகம் உடையாமல் தோட்டா நிரப்பலாம், பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்புப் பட்டை இருக்கிறது, கை முழுதாகப் பிடித்தால்தான் சுடும். 8 தோட்டா போதாது என்று ராஜேஷ் சொல்வார். எனக்குப் போதும்.

*அருண்:* அக்கா, ஈஇசட் ரீகால் ஆனது இல்லையா?

*கவிதா அக்கா:* ஆனது. 2020 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை செய்த பிஸ்டல்கள் சிலதில், தோட்டா வெடிக்க உள்ளே அடிக்கிற ஹேமர் விரிசல் விடும் என்று நவம்பரில் கம்பெனியே அறிவித்தது. விரிசல் விட்டால் ட்ரிகரை அழுத்தாமலே சுடக்கூடும், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். செலவில்லாமல் மாற்றித் தந்தார்கள். என்னுடையது அதற்கு முன்னால் செய்தது. என்றாலும் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பழையதாக வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தப்பு எங்கே, எந்த மாதத்துப் பாகம், என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிற கம்பெனி மேல் எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

*ராஜேஷ்:* 8 போதும் அக்கா, ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் எண்ணிக்கையைவிடக் கையில் சரியாக உட்காருவதுதான் பெரிது. பிடி தளர்வாக இருந்தால் எந்த நல்ல பிராண்டும் சிக்கிக்கொள்ளும். காலிக்கூடு வெளியே விழாமல் ஸ்லைடில் மாட்டி அடுப்புப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் "இந்த பிராண்டு சரியில்லை" என்று எழுதுகிறார்கள்.

*முருகேசன் அண்ணா:* மீதிப் பேருக்கு மேகசின். தம்பி, எது வாங்கினாலும் மேகசின்களின் அடியில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதி வை. சிக்கும்போதெல்லாம் எந்த நம்பர் என்று பார். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தூக்கிப் போடு, துப்பாக்கியை மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று, ரேஞ்சில் சுடுகிற சாதாரணத் தோட்டா ஓடுகிறது என்பதற்காக வீட்டுக்கு வைக்கிற, நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாவும் சிக்காமல் ஓடும் என்று நினைக்காதே. அதன் மூக்கு வடிவம் வேறு. விலை அதிகம்தான், ஆனாலும் அதையும் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

*பிரியா:* நான் துப்பாக்கி வைத்துக்கொள்ளாத கட்சி. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். நவராத்திரி கொலுவுக்கு எல்லாக் குழந்தைகளும் செந்தில் வீட்டுக்குத்தான் போவார்கள். மாடி அறை, அலமாரி என்று எல்லா இடத்திலும் ஓடுவார்கள். எங்கே வைப்பீர்கள்?

*செந்தில்:* அலமாரியின் மேல்தட்டில் வைக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

*கவிதா அக்கா:* வேண்டவே வேண்டாம். நாற்காலி போட்டு ஏற ஒரு நிமிடம் போதும். கடையில் சட்டப்படி ஒரு பூட்டு கூடவே தருவார்கள், அது முதல் நாளுக்கு மட்டும். பிஸ்டல் வாங்குகிற அன்றே நம்பர் பட்டன் உள்ள சின்னப் பெட்டகமும் வாங்கு. அதைக் கட்டிலோடோ சுவரோடோ திருகி மாட்டு. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிற மாதிரி, சுடத் தயாராக இருக்கிற துப்பாக்கியைப் பூட்டாமல் வைத்து அந்தப் பிள்ளை அதை எடுத்துவிட்டால் பெரியவர்மேல் வழக்கு வரும். வழக்கு வருவதா நமக்குப் பெரிது? பிரியா கேட்டது நல்ல கேள்வி. பிள்ளைகளை எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் இதைக் கேட்க வேண்டும். என்னிடமும் கேளுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

*பிரியா:* நன்றி அக்கா. இனிமேல் கேட்பேன்.

*செந்தில்:* பெட்டகம் முதலில், பிஸ்டல் அப்புறம். எழுதிக்கொண்டேன். இப்போது மனதில் இருப்பது கிளாக் 19, ஷீல்டு ஈஇசட் இரண்டும்.

*ராஜேஷ்:* பெரெட்டா 92-ஐயும் ஒரு தடவை சுட்டுப் பார். கனம் அதிகம், ஆனால் அந்தக் கனத்தாலேயே உதை தெரியாது. 1985-இல் ராணுவம் எம்9 என்று எடுத்தது. சிஇசட் 75-உம் அப்படித்தான், கையில் அழகாக உட்காரும். இரண்டுமே மெட்டல் பாடி.

*கவிதா அக்கா:* எதையும் இப்போது வாங்காதே. ரேஞ்சில் வாடகைக்கு எல்லாமே இருக்கிறது. சனிக்கிழமை காலை நான் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். தீபா, முதலில் நீதான் சுடுகிறாய். ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதே. இடது உள்ளங்கையால் மேலிருந்து அழுந்தப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ளு. தோளின் பலம் சேர்ந்துவிடும். முனை எப்போதும் சுடுகிற திசையிலேயே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. அப்போதும் கிளாக் வராவிட்டால் பேச்சே இல்லை, ஈஇசட்தான்.

*தீபா:* வருகிறேன் அக்கா. என்ன கொண்டுவர வேண்டும்?

*கவிதா அக்கா:* டிரைவிங் லைசென்ஸ் மட்டும். கண்ணாடி, காதுக்கவசம் எல்லாம் அங்கேயே தருவார்கள். கழுத்து மூடின சட்டை போட்டுக்கொள். காலிக்கூடு சுடச்சுடத் தெறிக்கும், கழுத்து வழியாக உள்ளே விழுந்தால் கையில் துப்பாக்கியோடு துள்ளிவிடுவோம்.

*முருகேசன் அண்ணா:* நானும் வருகிறேன். என் கிளாக்கை எடுத்துவருகிறேன், வாடகை மிச்சம்.

*கார்த்திக்:* நான் வரவில்லை. பிள்ளைகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.