மேலத்தெரு கோபர் கேஸ் குழு: காளான் எடுத்த வைக்கோல்

செல்வி, காலை 6.42
முருகேசண்ணே, சிப்பிக் காளான் எடுத்து முடிச்ச பெட் வைக்கோலைக் கேஸ் தொட்டியில போடலாமா? 2 கன மீட்டர், டிரம் மிதக்குற தொட்டி.

முருகேசன், 6.50
தாராளமா போடலாம்மா. வெறும் வைக்கோலை விட நல்லது. வைக்கோல்ல கேஸ் தர்ற நார்ப்பொருளான செல்லுலோஸைச் சுத்தி லிக்னின்னு ஒரு கெட்டிப் பொருள் மூடியிருக்கும். காத்தில்லாத தொட்டியில அது லேசுல கரையாது. காளான் இழை லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ்னு நொதிகளை விட்டு அந்த மூடியைத்தான் உடைக்குது.

வசந்தா, 6.58
செல்வி, ரெண்டாவது அறுவடையோட நிறுத்திக்க. மேல ஆசைப்பட்டா காளான் செல்லுலோஸையும் தின்னுடும். கேஸ் வர வேண்டியதே அதுலதான்.
வைக்கோலை வேகவச்சதா, மருந்துல ஊறவச்சதா?

செல்வி, 7.03
பாதி வேகவச்சது, பாதி மருந்து அக்கா. 100 லிட்டருக்கு 125 மில்லி பார்மலின், 7.5 கிராம் கார்பெண்டசிம் பூஞ்சைக்கொல்லி.

வசந்தா, 7.06
வேகவச்சதை முதல்ல போடு. பார்மலின் மீத்தேன் தர்ற நுண்ணுயிருக்கும் விஷம். மருந்து பெட்டைப் பிரிச்சு ரெண்டு நாள் காத்தாட விட்டு, கொஞ்சம் கொஞ்சமா சேரு.

முருகேசன், 7.15
2, 3 சென்டிமீட்டரா நறுக்கும்மா. நீளமா போட்டா மிதந்து மேல ஏடு கட்டிடும். தொட்டியில இருந்து வெளிய வர்ற கரைசல்லயே ராத்திரி முழுக்க ஊறவை. 50 கிலோ சாணி, 50 லிட்டர் தண்ணின்னு விடுறதுல 5 கிலோ சாணியைக் குறைச்சு, ஈர வைக்கோல் 2 கிலோ. பத்து நாள் பார்த்துட்டு ஏத்து. டிரம்மைத் தினம் ரெண்டு தடவை சுத்தி விடு.
தீ மங்கி, கரைசல் புளிச்ச வாடை அடிச்சா அமிலம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். வைக்கோலை நிறுத்திட்டு நாலஞ்சு நாள் சாணியும் பாதிதான்.

கணேஷ், 7.31
பச்சைப் பூசணம் பிடிச்ச பெட்டு?

வசந்தா, 7.36
அது ட்ரைக்கோடெர்மா தம்பி. காளானுக்குத்தான் எதிரி, தொட்டிக்கு இல்ல. செல்லுலோஸ் நொதி எடுக்க ஆலைகள்ல வளர்க்குறதும் அந்த இனத்துல ஒண்ணுதான், ட்ரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப் போர்ல சாலமன் தீவுகள்ல ராணுவக் கூடாரத் துணியை அரிச்சு மாட்டினது. ஆனா செல்லுலோஸ் உடைஞ்சு வர்ற சர்க்கரையை அதுவே தின்னும், லிக்னினைப் பெருசா தொடாது. பார்த்த அன்னைக்கே தொட்டியில போட்டுடு. தூள் பறக்கும், மூக்கைக் கட்டிக்க.

கணேஷ், 7.44
தோப்புல விழுந்த கட்டையில வர்ற பூஞ்சையை வைக்கோல்ல விடலாமா அக்கா?

வசந்தா, 7.52
கட்டையைப் பாரு. வெளுத்து நார்நாரா உரிஞ்சா வெண் அழுகல், லிக்னினை உடைக்கிற பூஞ்சை. பழுப்பாகி கட்டம் கட்டமா வெடிச்சா செல்லுலோஸைத் தின்னுட்டு லிக்னினை மிச்சம் வைக்கிறது, வேண்டாம். வெண் அழுகலா இருந்தாலும் வேகவச்சு ஆறின வைக்கோல் ஒரே ஒரு பையில மட்டும் விட்டுப் பாரு.