ஜே கட்லர் டிரேட்: ஏமாந்தது சிகாகோவா, டென்வரா?

ஏரிக்காத்து:
நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் போற போக்குல, "கட்லரை வாங்கித்தான் சிகாகோ உருப்படாமப் போச்சு"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். சும்மா விட மனசு வரலை. அதான் தனித் திரி.

புதுசா வர்றவங்களுக்குக் கதைச் சுருக்கம். அமெரிக்க ஃபுட்பால் லீக் (NFL) கதை இது. 2009 ஏப்ரல்ல டென்வர் பிராங்கோஸ் தன் க்வார்ட்டர்பேக் (பாஸ் எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ஜே கட்லரையும் ஒரு அஞ்சாவது ரவுண்டு பிக்கையும் (புது ஆட்டக்காரங்களை டீமுங்க வரிசையா எடுக்கிற டிராஃப்ட்ல ஒரு முறை; மோசமா ஆடின டீமுக்கு முன்னாடி முறை) சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்துச்சு. பேர்ஸ் பதிலுக்குக் கொடுத்தது க்வார்ட்டர்பேக் கைல் ஆர்ட்டன், 2009, 2010 ரெண்டு வருஷத்து முதல் ரவுண்டு பிக், 2009 மூணாவது ரவுண்டு பிக். அப்ப கட்லருக்கு வயசு 25. அதுக்கு முந்தின சீசன்லதான் 4526 யார்டு எறிஞ்சு ப்ரோ பவுலுக்கு (லீக்கோட ஆல்-ஸ்டார் மேட்ச்) போயிருந்தார். அந்தக் கை பலம் லீக்லயே ரெண்டு மூணு பேருக்குத்தான் இருந்துச்சு.

சிகாகோவுல ஜிம் மக்மேனுக்கு அப்புறம் க்வார்ட்டர்பேக்னா ஆளு நிக்கவே மாட்டான். 2006 சீசன்ல ரெக்ஸ் கிராஸ்மேனை வெச்சுக்கிட்டு லீக் இறுதியான சூப்பர் பவுல் வரைக்கும் போனோம்னா, டிஃபென்ஸ் தூக்கிட்டுப் போச்சு, அவ்வளவுதான். கட்லர் கிளம்பும்போது பேர்ஸ் வரலாற்றிலேயே அதிக யார்டு (23,443), அதிக டச்டவுன் பாஸ் (154) ரெண்டும் அவர் பேர்ல. இதுக்கு ரெண்டு முதல் ரவுண்டு ஜாஸ்தியா?

நீலக்குதிரை:
அண்ணே, பேர்ஸ்ல அதிக யார்டுங்கிறதை எல்லாம் சபையில சொல்லிக்கலாமா? அவருக்கு முன்னாடி அந்த ரெக்கார்டை வெச்சிருந்தவர் சிட் லக்மேன். 1940கள்ல ஆடினவர்!

நான் சொல்ற கணக்கு வேற. பேர்ஸுக்காக கட்லர் ஸ்டார்ட் பண்ணினது 102 மேட்ச். ஜெயிச்சது 51, தோத்தது 51. எட்டு சீசன்ல ப்ளேஆஃப் ஒரே ஒரு தடவை. 2009ல உங்க முதல் மேட்ச், லாம்போ ஃபீல்டு, பாக்கர்ஸுக்கு எதிரா நாலு இன்டர்செப்ஷன் (எதிராளி கையில போய் விழுந்த பாஸ்). அந்த சீசன் முழுக்க 26, லீக்லயே அதிகம். பிடிக்க வேண்டிய ஆளை எதிராளி ஒட்டி நிக்கிறான்னு கண்ணுக்குத் தெரியுது, பின்னங்கால்ல சாஞ்சுக்கிட்டே அங்கதான் எறிவார், ஏன்னா கை மேல அவ்வளவு நம்பிக்கை.

இதை டென்வர்க்காரங்க நாங்க 2008லயே பாத்து முடிச்சுட்டோம். எட்டு ஜெயிச்சு அஞ்சு தோத்து 8-5ல இருந்தோம், மீதி மூணுல ஒண்ணு ஜெயிச்சா டிவிஷன் எங்களுது. மூணும் காலி. கடைசி மேட்ச் சான் டியேகோகிட்ட 52-21.

கணக்குப்புள்ள:
அந்த 52ஐயும் விட்டது கட்லரா சார்? 2008 டென்வர் டிஃபென்ஸ் லீக்ல கிட்டத்தட்ட அடிமட்டம். கட்லர் மேல பழி போடலாம், அளவோட போடுங்க.

அப்புறம், டென்வர் அவரை "தாறுமாறா ஆடுறார்"னு விக்கவும் இல்லை. கோச் மைக் ஷனஹனை வேலையை விட்டுத் தூக்கிட்டு, 32 வயசு ஜாஷ் மெக்டேனியல்ஸைக் கோச்சாக் கொண்டு வந்தாங்க. அவர் வந்ததும் நியூ இங்கிலாந்துல தனக்குக் கீழ ஆடின க்வார்ட்டர்பேக் மேட் கேஸலை எடுக்கலாமான்னு பேச்சு ஓடுச்சு. அது கட்லர் காதுக்குப் போச்சு. அவர் முறுக்கிக்கிட்டார், சமாதானம் பேசியும் மசியலை, ஓனர் பேட் போலன் டிரேட் பண்ணிடலாம்னு அறிவிச்சுட்டார். கேஸல் கடைசியில கான்ஸஸ் சிட்டிக்குப் போனார். ரெண்டு பேருக்கும் ஈகோ, நடுவுல டீம்.

பெஞ்சுல_உக்காந்தவன்:
இருந்ததும் போச்சு, நினைச்சதும் கிடைக்கலை. கிடைச்சது ஆர்ட்டனோட தாடி.

நீலக்குதிரை:
தாடியைக் கிண்டல் பண்ணுங்க. அதே ஆர்ட்டன் 2009ல டென்வருக்கு 6-0 தொடக்கம் கொடுத்தார். அந்த வருஷம் 21 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். கட்லரோடது 27, 26.

ஏரிக்காத்து:
6-0 தொடங்கி எங்க முடிச்சீங்க தம்பி? 8-8. கட்லர் இருந்தப்பவும் 8-8. அடுத்த வருஷம் 4-12, நடு சீசன்லயே மெக்டேனியல்ஸுக்கு கல்தா. அதையும் முழுசா எழுதுங்க.

கணக்குப்புள்ள:
சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பிக் எல்லாம் எங்க போச்சுன்னு பின்னாடியே போய்ப் பாக்கலாம். எனக்கு இதுல ருசியே அதுதான்.

2009 முதல் ரவுண்டு, 18வது: டிஃபென்சிவ் எண்ட் ராபர்ட் ஏயர்ஸ். மோசம்னு சொல்ல முடியாது, ஆனா டென்வர்ல இருந்த வரைக்கும் க்வார்ட்டர்பேக்கை மிரட்டுற ஆளா வரவே இல்லை.

மூணாவது ரவுண்டு, 84வது: இதையும் தன்னோட 79ஐயும் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து, 64ஐயும் 132ஐயும் வாங்குச்சு டென்வர். 64ல எடுத்த டைட் எண்ட் ரிச்சர்ட் க்வின் பிடிச்ச பாஸ் ஒரு கை விரலுக்குள்ள அடங்கும். அந்த 84ல பிட்ஸ்பர்க் எடுத்தது மைக் வாலஸ். 2010லயும் 2011லயும் ஆயிரம் யார்டு தாண்டின ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவர்).

2010 முதல் ரவுண்டு, 11வது: இங்கதான் மெக்டேனியல்ஸ் வியாபாரியாவே மாறிட்டார். 11ஐ சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து 13ஐயும் ஒரு நாலாவது ரவுண்டையும் வாங்கினார். 13ஐ பிலடெல்பியாவுக்குக் கொடுத்து 24, 70, 87. அந்த 24ஓட நாலாவது ரவுண்டையும் சேர்த்து நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்து 22. அந்த 22ல டெமேரியஸ் தாமஸ். 87ல எரிக் டெக்கர். 70ஐ பால்டிமோருக்குப் போன கட்டுக்குள்ள வெச்சு 25வது இடத்தை வாங்கி, அதுல க்வார்ட்டர்பேக் டிம் டீபோ.

அதாவது சிகாகோவோட ஒரே ஒரு பிக்ல இருந்து ரெண்டு ரிசீவர், டீபோவுல ஒரு பங்கு.

நீலக்குதிரை:
இதுக்கு மேல நான் என்ன பேசணும்?

2012 ஜனவரி 8, பிட்ஸ்பர்க்கோட வைல்டு கார்டு (ப்ளேஆஃப் முதல் சுற்று) மேட்ச். ஓவர்டைம், முதல் ப்ளே. டீபோ நடுவுல எறிஞ்சது ஒரு சாதாரண பாஸ்தான். தாமஸ் ஓடிக்கிட்டே பிடிச்சார், பிட்ஸ்பர்க்கோட ஐக் டெய்லரை ஒத்தைக் கையால தள்ளி விட்டார், அப்புறம் சைடுலைன் ஓரமா ஒரே ஓட்டம். 80 யார்டு, 29-23. எறிஞ்சவன், பிடிச்சவன் ரெண்டு பேருமே கட்லர் டிரேட் வழியா வந்தவங்க. 2021ல தாமஸ் 33 வயசுல போய்ச் சேர்ந்தப்ப, இந்த ஊர்ல அந்த ஓட்டத்தைப் பத்திப் பேசாத ஆளு கிடையாது.

2012ல க்வார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் வந்தாச்சு. 2013ல தாமஸ் 1430 யார்டு, 14 டச்டவுன். டெக்கர் 1288, 11. மேனிங் 55 டச்டவுன் பாஸ்னு லீக் ரெக்கார்டு வெச்சது இவங்களை வெச்சுத்தான். சூப்பர் பவுலுக்குப் போனோம். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணுக்கும் போய் ஜெயிச்சோம்.

ஏரிக்காத்து:
முதல்ல போனதுல 43-8னு சியாட்டில் தொவைச்சதை விட்டுட்டீங்க. பரவாயில்லை.

விஷயத்துக்கு வர்றேன். ஜெயிச்ச அந்த சூப்பர் பவுல் 50 யார் கையால வந்துச்சு? டிஃபென்ஸ். ஆட்ட நாயகன் (எம்விபி) டிஃபென்ஸ் ஆளு வான் மில்லர். தாமஸ் அன்னிக்குப் பிடிச்சது ஒரே ஒரு பாஸ். டெக்கர் அதுக்கு முன்னாடியே நியூயார்க் ஜெட்ஸுக்குப் போயாச்சு. வான் மில்லரை 2011ல ரெண்டாவது பிக்ல எடுத்தீங்களே, அந்த ரெண்டாவது பிக் எப்படி வந்துச்சு? 4-12னு கவுந்ததால வந்துச்சு.

பெஞ்சுல_உக்காந்தவன்:
அப்ப டீமைக் கவுத்த புண்ணியத்துக்கு மெக்டேனியல்ஸுக்கும் ஒரு மோதிரம் பார்சல் அனுப்பணும்.

ஏரிக்காத்து:
அதேதான்! பின்னால நடந்த நல்லதை எல்லாம் இந்த டிரேட் கணக்குல எழுதினா, நடுவுல நடந்த கோமாளித்தனமும் அதே கணக்குல வரணும். டிராஃப்ட் அறையில சாமர்த்தியமா பிக்கை உடைச்சு மாத்தினது தனி வேலை. கட்லரை வித்ததுக்கு அதுல என்ன பெருமை?

நீலக்குதிரை:
பிக் கையில இருந்தாத்தானே உடைக்க முடியும்? உங்க கையில இல்லையே, அதானே உங்க கதை. 2009 டிராஃப்ட்ல பேர்ஸ் எடுத்த முதல் ஆளு மூணாவது ரவுண்டுல. 2010லயும் மூணாவது ரவுண்டுல. ரெண்டு வருஷம் மேல் ரவுண்டே கிடையாது. எறியிற ஆளை வாங்கிட்டு, அவனைக் காக்குற அஃபென்சிவ் லைனுக்குப் பழைய ஆளுங்களைத் தேடினீங்க.

2010 அக்டோபர், நியூயார்க் ஜெயன்ட்ஸ் மேட்ச் ஞாபகம் இருக்கா? முதல் பாதியில மட்டும் ஒம்பது சாக் (எறியறதுக்கு முன்னாடியே க்வார்ட்டர்பேக்கைச் சாய்க்கிறது). கட்லர் பந்தை வாங்கித் திரும்பறதுக்குள்ள ரெண்டு பேரு மேல இருப்பான். தலையில அடிபட்டு ரெண்டாம் பாதிக்கு வரவே இல்லை. அந்த சீசன் முழுக்க 52 சாக், லீக்லயே அதிகம்.

ஏரிக்காத்து:
இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா பழியைச் சரியான ஆளு மேல போடுங்க. ரெண்டு வருஷமும் ரெண்டாவது ரவுண்டு போனதுக்கும் கட்லருக்கும் சம்பந்தமே இல்லை. 2009 ரெண்டாவது ரவுண்டை எங்க ஜெனரல் மேனேஜர் ஜெர்ரி ஆஞ்சலோ டிராஃப்ட் அன்னிக்கே சியாட்டிலுக்கு மாத்திட்டார். 2010 ரெண்டாவது ரவுண்டு டிஃபென்சிவ் எண்ட் கெய்ன்ஸ் ஆடம்ஸுக்காக டாம்பா பே போச்சு, பாவம் அந்தப் பையன் சில மாசத்துல இறந்தே போயிட்டான்.

நீங்க சொல்ற அதே அடியை வாங்கிக்கிட்டுத்தான் கட்லர் 2010ல 11-5 டீமை கான்ஃபரன்ஸ் இறுதி வரைக்கும் கூட்டிட்டுப் போனார். 51-51னு ஒரே மூட்டையாக் கட்டாதீங்க. 2010, 2011, 2012 மூணு வருஷத்தை மட்டும் எடுங்க. அவர் ஸ்டார்ட் பண்ணினதுல 27 ஜெயிச்சு 13 தோத்தோம். 2011ல 7-3ல இருக்கும்போது கட்டை விரல் ஒடிஞ்சுது, அவர் இல்லாத ஆறுல அஞ்சு தோத்தோம். ஒரு ஆளோட மதிப்புக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?

கணக்குப்புள்ள:
அந்த விரல் கதைக்கு ஒரு வால் இருக்கு. அதே வாரம் டென்வர் ஆர்ட்டனைக் கழட்டி விட்டுச்சு. பேர்ஸ் எடுக்கப் பார்த்துச்சு, தர வரிசையில கீழ இருக்கிறவங்களுக்குத்தான் முதல் உரிமைங்கிறதால கான்ஸஸ் சிட்டி முந்திக்கிச்சு. ஆர்ட்டன் அங்க போய் 13-0ல இருந்த பாக்கர்ஸையும் கவுத்தார், கடைசி வாரம் டென்வரையும் கவுத்தார்.

நீலக்குதிரை:
கான்ஃபரன்ஸ் இறுதின்னு சொல்லிட்டு அங்க நடந்ததைச் சொல்லலையே அண்ணே. மூணாவது க்வார்ட்டர்ல கட்லர் வெளியே. மிச்சத்தை டாட் காலின்ஸும் கேலப் ஹேனியும் ஆடினாங்க, பாக்கர்ஸ்கிட்ட 21-14னு தோத்தீங்க.

ஏரிக்காத்து:
முட்டி லிகமென்ட் கிழிஞ்ச ஆளு எப்படி ஆடுவான்? சைடுலைன்ல மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு நின்னார்ங்கிறதுதான் குத்தம். மத்த டீம் ஆட்டக்காரனுங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு ட்விட்டர்ல "கோழை"ங்கிற கணக்கா எழுதினானுங்க, எங்க ஊர்ல சிலதுங்க ஜெர்சியைக் கொளுத்துச்சு. மறுநாள் ஸ்கேன்ல காயம் உறுதியாச்சு. அந்த மூஞ்சி மட்டும் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருந்திருந்தா இந்தத் திரியில பாதி இருக்காது.

நீலக்குதிரை:
மூஞ்சியை விடுங்க. ஒரே கேள்வி, சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. 2012 மார்ச்ல கட்லர் டென்வர்ல இருந்திருந்தா வயசு 28, பெரிய சம்பளத்துல இருந்திருப்பார். அப்ப டென்வர் டீமை நடத்தின ஜான் எல்வே மேனிங்கைத் தேடிப் போயிருப்பாரா?

ஏரிக்காத்து:
போயிருக்க மாட்டார். ஆனா மேனிங் கழுத்துல ஆபரேஷன் ஆகும், அவரோட டீம் கோல்ட்ஸ் 2-14ன்னு விழும், அவரையே வெளிய விடும்னு 2009 ஏப்ரல்ல எவனுக்குத் தெரியும்? குருட்டு அதிர்ஷ்டத்தை புத்திசாலித்தனம்னு பில்லு போடாதீங்க.

கணக்குப்புள்ள:
என் பங்குக்கு: சிகாகோ கொடுத்த விலை நியாயம்தான். 2012 வரைக்கும் அதுக்கு வேலையும் கிடைச்சுது. பணம் வீணானது 2014 ஜனவரியில போட்ட ஏழு வருஷ, 126 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துல. அந்த வருஷமே 5-11, டிசம்பர்ல மாத்து க்வார்ட்டர்பேக் ஜிம்மி கிளாசனுக்காக கட்லரை உக்கார வெச்சாங்க.

பெஞ்சுல_உக்காந்தவன்:
அஞ்சாவது ரவுண்டு பிக்கை எல்லாரும் மறந்துட்டீங்க. அதுலதான் சிகாகோ ரிசீவர் ஜானி நாக்ஸை எடுத்துச்சு. முதல் வருஷமே ப்ரோ பவுல், 2010ல 960 யார்டு. முதுகெலும்புல அடிபடாம இருந்திருந்தா நீலக்குதிரை இப்ப இவ்வளவு சத்தம் போட முடியுமா?

நீலக்குதிரை:
நாக்ஸ் நல்ல ஆளு, ஒத்துக்கறேன். இருந்தாலும் தாமஸ் கால்தூசிக்கு வர மாட்டார். அந்த 126 மில்லியனைப் பத்தி தனித் திரி போடுங்கண்ணே, அங்க வந்து மிச்சத்தைப் பேசிக்கிறேன்.