மகுடி ஊதாத மகுடிப் பாட்டு: இந்தி சினிமா இசையோடு நம் சந்திப்புகள்

மாதுங்கா பென்ஷன்காரர்

போன மாதம் மும்பை சோர் பஜார் மட்டன் தெருவில் ஒரு 78 சுற்று ரெக்கார்டு கிடைத்தது. 1954-இல் வந்த 'நாகின்' படத்தின் 'மன் டோலே மேரா தன் டோலே'. ஓரத்தில் கீறல். ஆனாலும் விட மனம் வரவில்லை, பேரம் பேசி வாங்கிவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பாம்பாட்டி வந்தால் இந்த மெட்டைத்தான் ஊதுவான். அதனால் பாட்டில் கேட்பதும் மகுடிதான் என்று நாற்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது. இசையமைப்பாளர் ஹேமந்த் குமாரிடம் அப்போது உதவியாளராக இருந்த கல்யாண்ஜி, கிளாவியோலின் என்ற மின்சாரக் கட்டைப்பெட்டியில் அதை வாசித்திருக்கிறார். கூடவே ரவியின் ஆர்மோனியம். அந்தக் கல்யாண்ஜிதான் பிற்பாடு கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்ற இசையமைப்பாளர் இரட்டையரில் ஒருவர். இந்த ரவியும் பெரிய இசையமைப்பாளர் ஆனார். ஆக, எங்கள் தெருப் பாம்பாட்டி ஒரு மின்சாரப் பெட்டியைக் காப்பியடித்து மகுடி ஊதியிருக்கிறான்!

இன்னொன்றும் கவனித்தேன். அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் இடம் கிடையாது. பாட்டு நீளமானால் பாதியில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் கச்சிதமாக முடிவதைக் கலைஞனின் அடக்கம் என்று நினைத்திருந்தேன். பாதி அடக்கம், பாதி அரக்குத் தட்டு.

அதனால் கேட்கிறேன். ரஃபியா கிஷோரா சண்டை இங்கே வேண்டாம், அது நம் ஆயுசுக்குள் முடியாது. இந்திப் பாட்டு மாறிவிட்டது என்று நீங்கள் நேராகப் பார்த்த, கேட்ட ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள். எந்தப் பெட்டியில் கேட்டீர்கள், எந்த வீட்டில், யார் திட்டினார்கள், எல்லாம் வேண்டும்.

ஜம்ஷெட்பூர் பாட்டி

எங்கள் அப்பா இரும்பாலையில் வேலை பார்த்தார். அவருக்குக் கர்நாடக சங்கீதம் தவிர மற்றதெல்லாம் சத்தம். 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கரும் அதே கட்சிதான் போல. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிட்டார். ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போனார்கள்.

புதன்கிழமை இரவு எட்டு மணி, பினாகா கீத்மாலா, இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும் நிகழ்ச்சி. அறிவிப்பாளர் அமீன் சயானியின் 'பஹனோ அவுர் பாயியோ' (சகோதரிகளே, சகோதரர்களே) கேட்டதும் பக்கத்துப் பஞ்சாபி வீட்டுத் திண்ணையில் தெருவே கூடிவிடும். நான் கேட்க ஆரம்பித்தது 1950-களின் கடைசியில். அவர் பம்பாயில் பேசிப் பதிவு செய்த டேப் விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து சிற்றலையில் எங்கள் ஊருக்கு வரும். சிற்றலை எப்படி என்று கேட்டவர்களுக்குத் தெரியும். கடல் அலை மாதிரி நெருங்கி வரும், விலகிப் போகும். முதலிடத்துப் பாட்டைச் சொல்லும் நேரம் பார்த்துத்தான் விலகும். ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இன்றைக்கும் லதாவின் சில பாட்டுகளை அந்த இரைச்சல் இல்லாமல் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

1957 அக்டோபரில் அரசாங்கமே இறங்கி வந்து சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் எனக்குச் சிலோன்தான். நேயர் விருப்பத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஜும்ரி தலையா என்கிற மைக்கா ஊர்க்காரர்கள் கார்டு எழுதியே நாடு முழுக்கப் பிரபலம். அவர்களோடு போட்டி போடும் ஆசை. அப்பா கண்ணில் கார்டு பட்டுவிட்டது. செத்தேன் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டி இரண்டு தரம் படித்தார். 'இந்தியில் இத்தனை தப்பா?' என்று சிவப்புப் பென்சிலால் திருத்தி, புதுக் கார்டில் எழுத வைத்து, ஆலைக்குப் போகிற வழியில் அவரே தபாலில் போட்டார். பாட்டை மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வயலின் வீட்டுப் பிள்ளை

மாதுங்கா சார், உங்கள் கிளாவியோலின் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா 1960-களின் நடுவில் கும்பகோணத்திலிருந்து வயலினோடு பம்பாய் வந்தவர். கச்சேரியில் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து வாசித்துப் பழகியவர். இங்கே வந்தால் நாற்காலி, தாடைக்கடியில் வயலின், எதிரே ஸ்டாண்டில் புள்ளியும் கோடுமாக ஒரு தாள். அந்தத் தாள் அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு கோவாக்காரர். தினம் மாலை பாந்த்ராவில் அவர் வீட்டில் பாடம். 'தம்பி, விரலை ஆட்டாதே, ஆட்டாதே' என்பாராம். பத்து வருஷம் கற்ற கமகத்தை ஆறு மாதத்தில் அடக்கக் கற்றுக்கொண்டார் அப்பா.

இந்திப் பாட்டைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோவாக்காரர்களை யாரும் சொல்வதில்லை என்பது என் பெரிய மனக்குறை. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டைப் பாடிக் காட்டுவார். நாற்பது ஐம்பது பேர் எங்கே என்ன வாசிப்பது என்று தாளில் எழுதுபவர் வேறொருவர், அரேஞ்சர். இசையமைப்பாளர் இரட்டையர் சங்கர்-ஜெய்கிஷனுக்கு அப்படி எழுதியவர் செபாஸ்டியன் டிசூசா. ஆன்டனி கொன்சால்வஸ் அரேஞ்சர் மட்டுமல்ல, வாத்தியாரும்கூட. லட்சுமிகாந்த்-பியாரேலாலில் பியாரேலால் அவரிடம் வயலின் கற்றவர். 1977-இல் 'அமர் அக்பர் ஆன்டனி'யில் அமிதாப் முட்டைக்குள்ளிருந்து வந்து பாடுகிற பெயர் அந்த வாத்தியாருடையதுதான். நாடே பாடியது. அப்படி நிஜமாக ஒருவர் இருந்தார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ரெக்கார்டு லேபிளில் வாசித்தவர்கள் பெயர் வராது.

பள்ளி விடுமுறையில் ஒரு தடவை அப்பாவோடு பதிவுக்குப் போயிருக்கிறேன். காலையிலிருந்து ஒத்திகை. எல்லாரும் ஒரே கூடத்தில், பாடகி மட்டும் கண்ணாடி அறைக்குள். மத்தியானத்துக்கு மேல்தான் டேக். யார் தவறினாலும் எல்லாரும் பல்லவியிலிருந்து. ஆறு டேக் போயிற்று. ஏழாவதில் எல்லாம் பொருந்தி வந்து, கடைசி இசைத் துணுக்கில் அப்பாவின் வில் ஸ்டாண்டில் பட்டு 'டக்' என்றது. ஐம்பது தலைகள் திரும்பின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எட்டாவது டேக் ஓகே ஆனது. அப்புறம் ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அப்பா, 'இது எட்டாவது. இதைவிட நல்லது ஏழாவது. அதைக் கெடுத்தவன் இதோ உட்கார்ந்திருக்கிறான்' என்பார். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

1980-களில் டிராக் டிராக்காகப் பதிவது பரவியது. தாளம் ஒரு நாள், வயலின் ஒரு நாள், பாடுபவர் தனக்கு வசதியான ஒரு நாள். தவறினால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். அப்பாவுக்கு முதலில் நிம்மதி, இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களே. அப்புறம் எட்டுப் பேரை மூன்று தடவை வாசிக்க வைத்து இருபத்துநாலு பேர் மாதிரி அடுக்கினார்கள். அதற்கும் அப்புறம் வீட்டுக்குப் போன் வருவதே குறைந்தது. ஒரு நாள் என்னோடு கீபோர்டு கடைக்கு வந்தவர் 'ஸ்ட்ரிங்ஸ்' பொத்தானை அமுக்கி ஒரு சி மேஜர் வாசித்தார். கடைக்காரப் பையனிடம், 'நல்லா இருக்கு. டீகூடக் கேட்காது, இல்ல?' என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார், தரையில் உட்கார்ந்து.

நாக்பூர் பேண்டு மேளம்

கல்யாண்ஜி பெயர் வந்ததால் ஒரு சின்னச் சேதி. 1980-இல் 'குர்பானி'. படத்துக்கு இசை கல்யாண்ஜி-ஆனந்த்ஜி. ஆனால் தெருத்தெருவாக ஓடியது 'ஆப் ஜைசா கோயி'. அந்த ஒரு பாட்டு மட்டும் பெங்களூரில் பிறந்து லண்டனில் இருந்த பித்து என்ற இசையமைப்பாளருடையது. லண்டனில் பதிவு. பாடிய நாஜியா ஹசன் பதினைந்து வயதுப் பாகிஸ்தானியப் பெண். 1954-இல் மின்சாரப் பெட்டியோடு வந்து எல்லாரையும் அசத்தியவரின் படத்திலேயே அடுத்த மின்சாரம் வேறொருவர் கையில் வந்து இறங்கியது.

நான் அப்போது கல்யாண பேண்டில் டிரம்பெட். அதற்கு முன் பாராத் என்ற மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பத்துப் பாட்டு போதும், பெண் வீடு வந்துவிடும். 'குர்பானி', அப்புறம் 1982-இல் பப்பி லஹிரியின் 'டிஸ்கோ டான்சர்'. அந்தத் 'தும் தும்' ஓட்டத்தை டிரம்பெட்டில் ஊதிப் பாருங்கள், உதடு கிழியும்.

கரோல் பாக் கேசட்

எல்லாரும் பழைய பொற்காலத்துக்கே போகிறீர்கள். 1932-இல் வந்த 'இந்திரசபா'வில் சுமார் எழுபது பாட்டாம். அத்தனையும் முத்தாகவா இருந்திருக்கும்?

என் காலம் 1990. 'ஆஷிகி'. நதீம்-ஷ்ரவண் மெட்டு, குமார் சானு, அனுராதா பௌட்வால். பாட்டுகள் முதலில் ஆல்பத்துக்கென்று உருவாகி, படம் பிறகு வந்தது. டெல்லியில் பான் கடை, ஆட்டோ, லாரி, முடிதிருத்தும் கடை, ஒரு இடம் பாக்கியில்லை. குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் மலிவு விலையில் கேசட் போட்டதும், ரெக்கார்டு பிளேயர் வாங்க வழியில்லாத எங்களைப் போன்றவர்கள் முதன்முறையாகப் பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொண்டோம். இது சின்ன விஷயமில்லை. பாட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கேசட்டைத் திருப்பிப் போட்டோமா இல்லையா என்றே சில சமயம் தெரியாது.

அந்த நாளில் பழைய பாட்டுகளை வேறு குரல்களில் பாடவைத்த கேசட்டுகளும் குவிந்தன. முகேஷ் பாட்டு என்று ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிக்கொண்டு போய் அண்ணாவுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நிறுத்தி, 'யாருடா இவன்?' என்றான்.

புனே ஹாஸ்டல்

1993 வாக்கில் விடுதி மெஸ்ஸில் பையன்கள் எல்லாம் 'தில் ஹை சோட்டா ஸா' பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே கர்வம். 'இது எங்க ஊர் சின்னச் சின்ன ஆசை, முதலில் தமிழில்தான் வந்தது' என்று மேஜைக்கு மேஜை போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு பிகாரி நண்பன் கவனமாகக் கேட்டுவிட்டு, 'வார்த்தையை விடு, இதில் தாளம் வயிற்றில் கேட்கிறதே, அது எப்படி?' என்றான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

1995-இல் 'ரங்கீலா'. ரகுமான் நேரடியாக இந்திக்கே இசையமைத்தார். அறுபதைத் தாண்டிய ஆஷா போஸ்லே ஊர்மிளாவுக்குப் பாடினார். வயலின் வீட்டு அண்ணா, உங்கள் அப்பாவின் கூடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ரகுமானிடம் பாடியவர்கள் சொல்வது வேறு மாதிரி. ராத்திரியில் கோடம்பாக்கம் ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவார், தனியாக நின்று பல விதமாகப் பாட வேண்டும், எதை எடுத்தார் எங்கே ஒட்டினார் என்பது கேசட் வந்த பிறகுதான் தெரியும். ஏழாவது டேக் எட்டாவது டேக் என்ற கணக்கே அங்கே கிடையாது.

குன்னூர்

'சய்ய சய்யா' எங்கள் மலை ரயில் மேல்தான் எடுத்தார்கள், 1998-இல் வந்த 'தில் ஸே'. இன்றும் வடக்கிலிருந்து வருகிறவர்கள் ஸ்டேஷனில் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார்கள். ஏற முடியாது என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

ரீல்ஸ் எடிட்டர், மும்பை

நான் இந்தக் கூட்டத்தில் ரொம்பச் சின்னவள். என் வேலை பாட்டிலிருந்து முப்பது நொடியை வெட்டுவது. புதுப் பாட்டில் அந்த முப்பது நொடி எது என்று தேடவே வேண்டாம், எடுத்துக்கோ என்று முன்னாலேயே நிற்கும். முன்னிசை என்று ஒன்று அநேகமாக இல்லை. பழசைப் புதுப்பிக்கும் பாட்டுகள்தான் எனக்கு அதிகம் வரும்.

ஒரு நாள் வீட்டில் அப்படி ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து, 'அடுத்து புல்லாங்குழல் வரணுமே, எங்கே?' என்றாள். புது வடிவத்தில் அது கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முந்தின ஒரு குழல், நாலே நாலு ஸ்வரம். மூலப்பாட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். சரியாக அந்த இடத்தில் வந்தது. வாசித்தவர் யார் என்று தேடினேன். வயலின் வீட்டு அங்கிள் சொன்னதேதான், பெயர் எங்கேயும் இல்லை.

மாதுங்கா பென்ஷன்காரர்

எல்லாருக்கும் நன்றி. ஜம்ஷெட்பூர் அம்மா, அந்தக் கார்டுக்குப் பாட்டு வந்ததா இல்லையா?

ஜம்ஷெட்பூர் பாட்டி

வந்திருக்கலாம். அந்த இரவு மின்சாரம் இல்லை.

வயலின் வீட்டுப் பிள்ளை

சார், அந்த நாகின் ரெக்கார்டைக் கொடுப்பீர்களா? அப்பாவுக்குக் கேட்க ஆசை.

மாதுங்கா பென்ஷன்காரர்

கொடுக்க மாட்டேன், அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஆனால் என் கிராமஃபோனுக்கு எஃகு ஊசி தீர்ந்துவிட்டது, பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். யாரிடமாவது ஒரு டப்பா இருந்தால் சொல்லுங்கள்.