நேரம் தானாகப் பதிய வேண்டும், பதிந்த பிறகு மாறக் கூடாது

களத்துக் கணக்கு, காங்கேயம்:

வணக்கங்க. காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய் களத்தில் கணக்கு எழுதுகிறேன். கொப்பரைப் பருப்பு மூட்டையை எடை போட்டு மில்லுக்கு ஏற்றும்போது வண்டி நம்பர், மூட்டை எண்ணிக்கை, எடை எல்லாம் கூகுள் ஷீட்டில் ஏற்றுவோம். நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில், எடை போடுகிற அண்ணன் களத்திலிருந்தே போனில். எடை போட்ட தேதியும் நேரமும் பக்கத்துக் கட்டத்தில் தானாக விழட்டும் என்று, எடைக் கட்டத்தில் எண் இருந்தால் நவ் (இப்போதைய தேதி, நேரம்) காட்டு, இல்லாவிட்டால் காலியாக விடு என்று இஃப் வைத்து ஒரு ஃபார்முலா எழுதி கீழே வரைக்கும் இழுத்துவிட்டேன்.

போன வாரம் ஒரு லோடு 38 கிலோ குறைகிறது என்று மில்லில் சொன்னார்கள். பருப்பு காயக் காய எடை இறங்கும், காலையில் போட்ட எடையும் வண்டி வெயிலில் நின்ற பிறகு மத்தியானத்துக்கு மேல் போட்ட எடையும் ஒன்றாக இருக்காது. அதனால் நாங்கள் எத்தனை மணிக்குப் போட்டோம் என்று காட்டலாம் என ஷீட்டைத் திறந்தால், அந்த லோடு, அதற்கு முந்தின வாரத்து லோடு, எல்லா வரிசையிலும் ஒரே நேரம்: அன்றைக்குச் சாயந்திரம் 4:52. அண்ணன் விடியக்காலம் வந்து போட்ட எடை அது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. பதிந்த நேரம் அப்படியே நிற்க என்ன செய்ய வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பீளமேடு லேத்:

நவ் என்பது "இப்போது மணி என்ன" என்று கேட்கிற ஃபார்முலா. ஷீட்டைத் திறந்தாலும், எங்கேயோ ஒரு கட்டத்தைத் திருத்தினாலும் மறுபடி கேட்கும், மறுபடி பதில் மாறும். டுடேயும் அதே கதைதான், நாள் தாண்டினால் தேதி மாறிவிடும். உங்களுக்கு வேண்டியது ஒரு முறை எழுதிவிட்டு விலகிக்கொள்கிற ஏதாவது ஒன்று.

கம்ப்யூட்டரில் என்றால் கையால் போடுவதே சுலபம். கன்ட்ரோலோடு செமிகோலனை அழுத்தினால் இன்றைய தேதி, ஷிஃப்டும் சேர்த்தால் நேரம், ஷீட்டில் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் ஒன்றாக விழும். எக்செலில் தேதி போட்டு ஒரு ஸ்பேஸ் தட்டி நேரம் போட வேண்டும். இப்படி விழுவது வெறும் மதிப்பு, பிறகு மாறாது.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்க. கம்ப்யூட்டரில் அந்த லோடின் எடைக் கட்டத்தில் (நேரக் கட்டத்தில் இல்லை) வலது கிளிக் செய்து எடிட் ஹிஸ்டரியைப் பாருங்க. அந்த எண்ணை யார், எப்போது போட்டார்கள் என்று காட்டும். அண்ணன் தன் கணக்கில்தான் போனில் ஏற்றுகிறார் என்றால் அவர் பெயரோடே கிடைக்கும்.

ஈரோடு மஞ்சள்:

ஃபார்முலாவிலேயே முடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. நேரக் கட்டம் தன்னையே பார்த்துக்கொள்கிற மாதிரி எழுத வேண்டும்: எடை இருந்து நான் காலியாக இருந்தால் நவ், ஏற்கெனவே என்னிடம் நேரம் இருந்தால் அதையே வைத்துக்கொள். தன்னையே சுற்றுவதால் சாதாரணமாக எரர் வரும், செட்டிங்ஸில் கால்குலேஷன் பக்கத்தில் இட்டரேட்டிவ் கால்குலேஷனை ஆன் செய்தால் ஓடும். நான் எக்செலில் இப்படித்தான் குடோன் வரவை வைத்திருந்தேன். அங்கே இந்த செட்டிங் முதலில் எந்த ஃபைலைத் திறக்கிறோமோ அதைப் பொறுத்தது; ஒரு நாள் வேறு ஃபைலைத் திறந்துவிட்டு இதைத் திறந்ததும் ஃபார்முலா தன்னையே சுற்றுகிறது என்கிற சர்குலர் எச்சரிக்கை வந்து நின்றுவிட்டது. வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன், காசு சம்பந்தப்பட்ட கணக்குக்கு இதை நம்ப வேண்டாம்.

பல்லடம் தறி:

அம்மிணி, உங்களுக்கு ஆப்ஸ் ஸ்கிரிப்ட்தான் சரி, அதாவது கூகுள் ஷீட்டோடு சேர்த்து எழுதுகிற சின்ன ப்ரோக்ராம். எக்செல் மேக்ரோ போன் ஆப்பில் ஓடாது, இது ஓடும். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் திறந்து ஆன்எடிட் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதினால், யார் எந்தக் கட்டத்தில் கை வைத்தாலும் அது எழுந்திரிக்கும். அது நாலு கேள்வி கேட்டால் போதும்: சரியான ஷீட்தானா, கை வைத்தது எடை நெடுவரிசையிலா, தலைப்பு வரிசைக்குக் கீழேயா, பக்கத்து நேரக் கட்டம் காலியா. நாலுக்கும் ஆமாம் என்றால் அங்கே நியூ டேட்டை (அந்த நொடியின் தேதி, நேரம்) செட்வேல்யூ செய்துவிடும், அதாவது வெறும் மதிப்பாக எழுதிவிடும். அந்த நாலாவது கேள்வியை விட்டுவிடாதீங்க, அதை விட்டால் நாளைக்கு எடையில் ஒரு புள்ளி திருத்தினாலும் நேரம் மாறிவிடும். திருத்திய நேரமும் வேண்டுமென்றால் இன்னொரு நெடுவரிசை வையுங்க, அது ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாறட்டும்.

பத்து வரிசையை ஒன்றாக ஒட்டினால் முதல் வரிசைக்கு மட்டும் நேரம் விழும், எல்லாவற்றுக்கும் விழ, ஒவ்வொரு வரிசையாகப் போய் வருகிற ஒரு லூப்பை ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும். அப்புறம், நேர நெடுவரிசையைப் பூட்ட நினைப்பீங்க, நானும் பூட்டினேன். பூட்டியதும் எங்கள் மேஸ்திரி போட்ட வரிசைகளுக்கு நேரமே விழவில்லை, காரணம் ஆன்எடிட் திருத்துகிறவரின் அனுமதியில்தான் ஓடும். ஃபங்ஷனுக்கு வேறு பெயர் கொடுத்து, ட்ரிக்கர்ஸ் பக்கத்தில் திருத்தம் நடந்தால் அந்த ஃபங்ஷனை ஓட்டு என்கிற ஒரு எடிட் ட்ரிக்கரை நீங்களே சேர்த்தால் உங்கள் அனுமதியில் ஓடும், பூட்டும் நிற்கும்.

களத்துக் கணக்கு, காங்கேயம்:

எல்லோருக்கும் நன்றிங்க. எடிட் ஹிஸ்டரியில் அண்ணன் பெயரோடு காலை 6:41 என்று இருந்தது, அதைப் போட்டோ எடுத்து மில்லுக்கு அனுப்பிவிட்டோம், ஒத்துக்கொண்டார்கள். புதிதாக ஒரு ஷீட் ஃபைல் தொடங்கி அதில் ஸ்கிரிப்டும் போட்டுவிட்டேன். ஆனால் இன்று காலை 7:10க்குப் போட்ட எடைக்கு நேற்றுச் சாயந்திரம் 6:40 என்று விழுகிறது, ஏனுங்க?

பல்லடம் தறி:

பன்னிரண்டரை மணி பின்னால் இருக்கிறது என்றால் ஷீட்டின் டைம் ஜோன் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் இருக்கிறது. ஃபைல், செட்டிங்ஸ் போய் இந்திய நேரத்துக்கு மாற்றுங்க. ஏற்கெனவே விழுந்தது தானாகச் சரியாகாது, அதைக் கையால் திருத்திவிடுங்க.

இன்னொன்று: களத்தில் சிக்னல் இல்லாத மூலையில் நின்று அண்ணன் ஏற்றினால், போனுக்குச் சிக்னல் வந்து எண் கூகுளுக்குப் போய்ச் சேரும்போதுதான் ஸ்கிரிப்ட் ஓடும், அந்த நேரம்தான் பதியும். அந்த மாதிரி இடத்தில் போடுகிற எடைக்கு மட்டும் காகிதச் சீட்டிலும் மணியை எழுதச் சொல்லுங்க.

களத்துக் கணக்கு, காங்கேயம்:

மாற்றிவிட்டேன், சரியாக விழுகிறது. வடக்குச் சுவர் ஓரம் சிக்னல் இருக்காது, தராசை ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.